அரவணைமேல் ஒரு கேள்வி

காவிரி இரண்டாகப் பிரிந்து மறுபடி கூடும் தீவுகளில் மூன்று அரங்கங்கள் உண்டென்று வைணவர்கள் சொல்வார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருப்பது ஆதிரங்கம், சிவனசமுத்திரத்தில் மத்தியரங்கம், நம் திருவரங்கத்தில் அந்தியரங்கம். மூன்று இடத்திலும் பெருமாளுக்குப் படுக்கை பாம்புதான். நஞ்சுள்ள உயிரின்மேல் இறைவன் அமைதியாகக் கண்வளர்கிறான் என்பதைச் சேவித்துவிட்டு வந்துவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் வருகிறார்கள். ஆனால் அந்தக் காட்சிக்குள் ஒரு பழைய கேள்வி கிடக்கிறது. கருணையே வடிவானவன் ஆளும் உலகில் நஞ்சுக்கு என்ன வேலை? காலையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை இரவுக்குள் வற்றவைத்துக் கொல்லும் காலராவின் நஞ்சை யார், எதற்காக அனுமதித்தார்கள்? இந்தக் கேள்வியை அற்பமானதென்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: தீமை என்பது சில பொருள்களுக்குள் சேமித்துவைக்கப்பட்டிருக்கிறது, அந்தப் பொருள் எங்கே போனாலும் தீமையும் கூடவே போகும் என்ற அனுமானம். பாக்டீரியா நச்சுகள் உடலின் செல்களை எப்படித் தாக்குகின்றன என்று ஆராயும் கூடங்கள் கடந்த எழுபது ஆண்டுகளில் கண்டவை இந்த அனுமானத்தைத் தகர்த்துவிட்டன. அனுமானம் போனபின் கேள்வி மறைவதில்லை. அது இடம்மாறி நம்மிடம் வந்து நிற்கிறது.

தீமையை ஒரு பொருளிலோ இடத்திலோ குடிவைத்துவிடுவது மனித மனத்தின் வழக்கம். 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய ஆங்கிலப் படையைக் காய்ச்சல் வாட்டியது. தீவின் காற்றே கெட்டது என்று முடிவுகட்டி, 1809இல் படைமுகாமைப் பெங்களூருக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் பாக்டீரியா நச்சு இல்லை, கொசு கொண்டுவந்த மலேரியா என்பதை இன்று அறிவோம். எனினும் யோசித்த முறையைக் கவனிக்க வேண்டும். ஊர் கெட்டது, காற்று கெட்டது, தண்ணீர் கெட்டது என்று நாமும் அப்படித்தான் சொல்கிறோம். நுண்ணுயிரியல் வந்தபோது பழி ஊரிலிருந்து கிருமிக்கு மாறியது. யோசித்த முறை மாறவில்லை. ராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்து, அது ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்றும் ஊகித்தார். ஊகம் சரியானது. அப்படியிருந்தும் அந்த நஞ்சைக் கண்டுபிடிக்க எழுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஆராய்ந்தவர்கள் சோம்பேறிகள் இல்லை. கிருமி வளர்ந்த திரவத்தையும் சிதைத்த கிருமியையும் விலங்குகளின் ரத்தத்தில் செலுத்தினார்கள், வயிற்றறையில் செலுத்தினார்கள். விலங்குகள் செத்தன, ஆனால் காலரா வந்து சாகவில்லை. நஞ்சு என்றால் எங்கே போட்டாலும் நஞ்சாகத்தானே இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை அவர்களைத் தப்பான இடத்திலேயே தேடவைத்தது.

அந்த நம்பிக்கையிலிருந்து விலகி யோசித்தவர் கல்கத்தாவின் நோய்க்குறியியல் மருத்துவர் சம்புநாத் டே. காலரா குடலின் நோய் என்றால் நஞ்சைக் குடலின் உள்வெளியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1953இல் அவரும் உடன் ஆய்ந்த சட்டர்ஜியும் வெளியிட்ட முறை மிக எளிமையானது. மயக்கம் கொடுத்த முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் சில அங்குல நீளத்தை இரு முனையிலும் நூலால் கட்டிவிடுவார்கள். கட்டப்பட்ட அந்தக் கண்ணிக்குள் காலராக் கிருமிகள் உள்ள திரவத்தை ஊசியால் செலுத்தி, குடலை உள்ளே வைத்து வயிற்றைத் தைத்துவிடுவார்கள். ஒரு நாள் கழித்துப் பார்த்தால், கிருமி போன கண்ணி நீர் கோத்துப் பருத்திருக்கும். உள்ளே இருப்பது காலரா நோயாளியின் பேதியைப் போன்ற, கஞ்சித்தண்ணீர் நிறத் திரவம். வெறும் ஊட்டக்கரைசல் மட்டும் போன கண்ணியோ சுருங்கியே கிடக்கும். 1959இல் அவர் அடுத்த அடி எடுத்துவைத்தார். கிருமிகளை முழுக்க வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் கண்ணிக்குள் செலுத்தியபோதும் அது பருத்தது. கிருமி இல்லை, நோய் இருந்தது. நேச்சர் இதழில் வந்த அந்தச் சிறு கட்டுரைதான் காலரா நச்சின் பிறப்புச் சான்றிதழ். அதே ஆண்டில் பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்தில் தத்தாவும் அவருடைய சகாக்களும் முயல் குட்டிகளில் இதே முடிவை நோக்கி வந்தார்கள். டே 1985இல் காலமானார். அவர் செய்ததன் பெருமையை நாடு உணர்வதற்கு அவர் வாழ்நாள் போதவில்லை. மெய்யியல் படிப்பவர்களுக்கும் அவர் முக்கியமானவர் என்பது என் கருத்து. ஏனென்றால் அவர் ஒரு பொருளைக் கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. அது எந்த இடத்தில், எதைத் தொடும்போது நஞ்சாகிறது என்பதைக் கண்டார்.

அதன்பின் வந்தவர்கள் இந்தத் தொடுகையைப் படிப்படியாகத் திறந்து பார்த்தார்கள். காலராவில் குடலின் உள்தோல் உரிந்து போய்விடுகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் நம்பினார்கள். உயிரோடிருந்த நோயாளிகளின் குடலிலிருந்து துணுக்கெடுத்து 1960 வாக்கில் பார்த்தபோது அது சேதமின்றி இருந்தது. நச்சு செல்லைக் கொல்வதே இல்லை. அதற்கு இரண்டு பகுதிகள். பி என்னும் பகுதி, குடல் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஜிஎம்1 என்ற மூலக்கூறைப் பற்றிக்கொள்கிறது. ஏ என்னும் பகுதி உள்ளே நுழைந்து, செல்லின் கட்டளைச் சங்கிலியிலுள்ள ஒரு புரதத்தின்மேல் ஒரு சிறு வேதித்துண்டை ஒட்டிவிடுகிறது. ஒட்டிய பிறகு அந்தப் புரதத்தால் தன்னை அணைத்துக்கொள்ள முடியாது. கண்ணம்பாடி அணையின் மதகைத் திறந்துவிட்டு, அதை மூடும் திருகை யாரோ கழற்றி எடுத்துப்போன நிலை அது. சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு செல்லில் பெருகுகிறது. குளோரைடு உப்பு குடலுக்குள் கொட்டுகிறது. அதன் பின்னால் தண்ணீர் போகிறது. மோசமான நிலையில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்வரை. இங்கே நின்று யோசிக்க வேண்டும். குடலுக்குள் நீர் சுரப்பது உடலின் நல்ல வேலை. அது இல்லாமல் சாப்பிட்டது செரிக்காது. காலராவில் நடப்பதும் அதே வேலைதான். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை, அவ்வளவே. கொல்வதற்கென்று அயலானது எதுவும் அந்தச் செல்லில் நடக்கவில்லை.

இன்னொரு சான்று இதைவிடத் தெளிவானது. 1970களில் முயலுக்குப் பதிலாகக் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களைக்கொண்டு காலரா நச்சை அளக்கும் முறைகள் வந்தன. சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்கள்மேல் நச்சைச் சில சொட்டு விட்டால் அவை சாவதில்லை. நீண்டு கதிர்வடிவம் கொள்கின்றன. எலியின் அட்ரீனல் கட்டிச் செல்கள்மேல் விட்டால் அவை உருண்டையாகின்றன. மூலக்கூறு ஒன்றுதான், அது புரியும் வேதிவினையும் ஒன்றுதான். ஒரு செல் நீள்கிறது, ஒன்று உருள்கிறது, மனிதக் குடலில் மட்டும் ஒரு உயிர் போகிறது. தொண்டை அடைப்பான் நச்சும் இப்படியே: கினிப்பன்றியைக் கொல்லும் அளவு சுண்டெலியை ஒன்றும் செய்வதில்லை, ஏனென்றால் நச்சு பற்றும் ஏற்பி சுண்டெலியில் வேறு வடிவில் இருக்கிறது. சுண்டெலிகள் மட்டுமே வாழும் உலகில் அதற்கு நஞ்சென்று பெயர் வந்திருக்காது. போட்டுலினம் நச்சு உணவில் சேர்ந்தால் மூச்சுத் தசைகளை முடக்கிக் கொல்கிறது. மிகச்சிறு அளவில் ஊசியாகப் போட்டால் மாறுகண்ணையும் இமைத்துடிப்பையும் தீர்க்கிறது. காலரா நச்சின் பி பகுதியைத் தனியே எடுத்து வாய்வழித் தடுப்புமருந்தில் சேர்க்கிறார்கள். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் எனும் பாக்டீரியா நலமாக இருக்கும் பலரது மூக்கிலும் தோலிலும் எந்தத் தொல்லையும் தராமல் வாழ்கிறது. சமைத்து வெளியே வைத்த சோற்றிலோ பாலிலோ சேர்ந்து பெருகும்போது, திரும்பச் சுடவைத்தாலும் அழியாத நச்சை விட்டுச் செல்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் மைசூரில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்துக்கும், 1961இல் வந்த பாதுகாப்புத் துறையின் உணவு ஆய்வுக்கூடத்துக்கும் இது அன்றாடப் பிரச்சினை. கடைசியாக, காலரா நச்சைத் தயாரிக்கும் மரபணுகூடக் காலராக் கிருமிக்குச் சொந்தமானதில்லை. அது கிருமியைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து செருகியது என்று 1996இல் தெரிந்தது. பழியை ஏற்க எந்தக் கட்டத்திலும் ஓர் ஆள் அகப்படவில்லை.

ராமானுஜர் இதைக் கேட்டிருந்தால் வியந்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். சோழநாட்டை விட்டு அவர் வந்து தங்கிய மேல்கோட்டை, ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. தம் வேதாந்த உரைநூலான ஸ்ரீபாஷ்யத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் அவர் ஒரு சங்கடமான ஆட்சேபத்தை எதிர்கொள்கிறார். இறைவன் எல்லாப் பொருளிலும் உள்ளுறைகிறான் என்றால், அருவருப்பானவற்றிலும் துன்பம் தருபவற்றிலும் இருப்பதால் அவனுக்குக் களங்கம் வராதா? அவர் விடை: எந்தப் பொருளும் இயல்பிலேயே துன்பமானதோ இன்பமானதோ இல்லை. ஒரே பொருள் ஒருவருக்கு இன்பமாகிறது, இன்னொருவருக்குத் துன்பமாகிறது, அதே ஆளுக்கே வேறொரு வேளையில் மாறிப்போகிறது. இதற்கு ஆதாரமாக விஷ்ணு புராணத்தைக் காட்டுகிறார். சோதனைக் குழாயைக் கண்டிராத ஒருவர் வேதாந்த நெறியில் நின்று எட்டிய முடிவுக்கும், கட்டப்பட்ட குடல் கண்ணியிலிருந்து கிடைத்த முடிவுக்கும் இந்த அளவில் ஒற்றுமை உண்டு. அறிவியல் வேதாந்தத்தை மெய்ப்பித்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை; அப்படிச் சொல்வது இரண்டையும் கொச்சைப்படுத்தும். கெடுதல் பொருளில் இல்லை, பொருளுக்கும் அதை ஏற்பவருக்கும் இடையிலான உறவில் இருக்கிறது என்ற ஒரு கூற்றுக்கு இரண்டு திசைகளிலிருந்தும் வலு கிடைக்கிறது. அந்தக் கூற்றை மட்டுமே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் கடுமையானது, அதை எழுப்புபவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. உறவில்தான் கெடுதல் என்றால் பாதிப் பழி நோயாளிமேல் விழாதா? ராமானுஜர் அந்தப் பொருள் இவருக்கு ஏன் துன்பமானது என்பதற்கு அவரவர் கர்மத்தைக் காரணம் சொல்கிறார். இரண்டாம் அத்தியாயத்தில் இறைவனுக்குப் பாரபட்சமும் இரக்கமின்மையும் உண்டா என்ற கேள்விக்கும் அதே விடையைத்தான் தருகிறார். அந்த விடை ஊருக்குள் இறங்கி வரும்போது என்னவாகிறது என்பது நமக்குத் தெரியும். வாந்திபேதி கண்ட வீட்டைப் பார்த்து, எந்த ஜென்மத்துப் பாவமோ என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வதுவரை அது போயிருக்கிறது. ஆய்வுக்கூடத்துச் சான்று இந்த இடத்தில் கர்மத்துக்குத் துணைபோகாது. நச்சு பற்றிக்கொள்ளும் ஜிஎம்1 நம் நரம்பு செல்களின் மேற்பரப்பில் நிறைய இருக்கிறது. உடல் நடக்க வேண்டும் என்பதற்காக இருப்பது அது. ஓ வகை ரத்தம் உள்ளவர்களுக்குக் காலரா மற்றவர்களைவிடக் கடுமையாக வருகிறது. ரத்தவகை ஒழுக்கத்துக்குக் கிடைத்த மதிப்பெண் ஆகாது. அதுவும் முன்வினையே என்று ஒரு வைணவர் பதில் சொல்லலாம். தொடக்கமற்ற கர்மம் என்ற கோட்பாட்டை எந்தச் சோதனையாலும் மறுக்க முடியாது. ஆனால் எந்தச் சோதனையாலும் மறுக்க முடியாத ஒன்றை, இன்ன ஆளுக்கு இன்ன நோய் ஏன் வந்தது என்ற குறிப்பான கேள்விக்கு விடையாக வைக்கவும் முடியாது. ராமானுஜர் அந்த வாதத்தைப் படைத்தது இறைவன்மேல் வந்த கொடுமைக் குற்றச்சாட்டைத் தீர்க்கத்தான். துன்பப்படுபவனை நோக்கி விரல்நீட்டுவதற்கு அதை எடுப்பவர்கள் அவர் நூலை அவருக்கே எதிராகப் பயன்படுத்துகிறார்கள். உறவு ஒன்றில் ஒரு தரப்பாக இருப்பது வேறு, குற்றவாளியாக இருப்பது வேறு.

இரண்டாவது ஆட்சேபம் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் பக்கமிருந்து வருகிறது. தீமை பொருளில் இல்லை, உறவில் இருக்கிறது என்று அவளிடம் போய்ச் சொல்வது அவள் துக்கத்தைத் தத்துவத்தால் கரைக்கும் முயற்சி ஆகாதா? உறவு என்பதைப் பொய் என்று பொருள்கொண்டால் ஆகும். நான் அப்படிப் பொருள்கொள்ளவில்லை; ராமானுஜரும் உலகை மாயை என்று தள்ளியவர் இல்லை. நீர் வற்றிய குழந்தையின் ஒட்டிய கண்களைவிட மெய்யானது எதுவும் இல்லை. ஆனால் பொருளுக்குள் இயல்பாகவே உறைந்த தீமையை ஒழிக்கப் பொருளையே ஒழிக்க வேண்டியிருக்கும். உறவில் உள்ளதை வேறு வழியில் மாற்றலாம். 1971இல் வங்கதேசப் போரால் அகதிகள் குவிந்த பனகான் முகாமில் காலரா பரவியபோது, ரத்தநாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலநாபிஸ் குளுக்கோசும் உப்பும் சோடியம் பைகார்பனேட்டும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். கொடுத்தவர்களில் பலர் நோயாளிகளின் உறவினர்களே. முப்பது விழுக்காடுவரை போயிருந்த இறப்பு, அந்தச் சிகிச்சை பெற்றவர்களிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது. இதற்குக் காரணம் நுட்பமானது. காலரா நச்சு வெளியேற்றும் மதகைத்தான் திறந்துவைக்கிறது. சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து உள்ளே இழுக்கும் வழியை அது தொடுவதில்லை. எதை நச்சு தொடவில்லை என்று தெரிந்ததால் அந்த வழியாகத் தண்ணீரை உள்ளே அனுப்ப முடிந்தது. நோயாளிகளின் குடலில் நச்சு அப்படியே இருந்தது, அவர்கள் பிழைத்தார்கள். தீமையை உறவாகப் புரிந்துகொள்வது ஆறுதல் வார்த்தையோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது ஆட்சேபம்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. இந்த அறிவு எங்கிருந்து வந்தது? வயிறு திறக்கப்பட்ட முயலிடமிருந்து. காலராக் கிருமிக்கு எண்ணம் கிடையாது; வைரஸுக்குக் கிடையாது; ஆற்று நீருக்குக் கிடையாது. கெடுதலான இந்த உறவுகள் அனைத்திலும், இன்னொரு உயிருக்குத் துன்பம் வரும் என்று அறிந்தே உறவை ஏற்படுத்திய தரப்பு ஒன்றே ஒன்றுதான், அது ஆய்வாளர். இயற்கையில் யாருடைய குற்றமும் இல்லாமல் நடப்பதை அவர் தன் கையால் நடத்துகிறார். தீமை பொருளில் இல்லை என்று சொன்ன அதே வாதம் இங்கே பொறுப்பை நேராக மனிதன்மேல் கொண்டுவந்து வைக்கிறது. நச்சை ஏன் படைத்தாய் என்று இறைவனைக் கேட்ட நாம், இந்தக் கண்ணியை ஏன் கட்டினாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ராமானுஜரிடம் இதற்கும் ஒரு பதில் இருக்கிறது, ஆனால் அதை என்னால் ஏற்க முடியவில்லை. வேள்வியில் விலங்கைக் கொல்வது ஹிம்சை ஆகாதா என்ற கேள்வி ஸ்ரீபாஷ்யத்தில் வருகிறது. அந்த விலங்கு வேள்வியால் மேலுலகம் அடைகிறது. பெரும் நன்மைக்கு வழியாகும் சிறு துன்பம் ஹிம்சை ஆகாது, அது காப்பதே ஆகும், நோயாளியின் உடலைக் கீறும் மருத்துவனைப் போல என்பது அவர் வாதம். அந்த உவமையை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். மருத்துவன் யாரைக் கீறுகிறானோ அவனையே குணப்படுத்துகிறான். வேள்வியின் விலங்குக்கும் வேதம் ஒரு பலனை வாக்களிக்கிறது என்று அவர் கொள்கிறார். ஆய்வுக்கூடத்து முயலுக்கு யாரும் எதையும் வாக்களிக்கவில்லை. கீறப்பட்டது ஓர் உயிர், பிழைத்தது வேறு உயிர். அதனால் இது ஹிம்சையே. பல இலட்சம் குழந்தைகள் பிழைத்தார்கள் என்பது அதைச் செய்ததற்குக் காரணம் ஆகும். ஹிம்சை நடக்கவில்லை என்று சொல்ல அது போதாது. டே அந்தச் சோதனையைச் செய்திருக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அன்று வேறு வழி இல்லை, தெரு தெருவாக மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் காரணம் இருந்த ஹிம்சைக்கும் ஒரு கடன் உண்டு. வேறு வழி கிடைத்த நாளிலிருந்து பழைய வழியில் போகாதிருப்பது அந்தக் கடனில் முதல் தவணை.

வேறு வழிகள் வந்துகொண்டிருக்கின்றன. இந்தியாவில் 1960இல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த குழு, ஒவ்வொரு சோதனைக்கும் ஏன் விலங்கு, ஏன் இத்தனை, வலியைக் குறைக்க என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேட்கிறது. ஒப்புதல் தந்த மனிதரின் குடலிலிருந்து எடுத்த மிகச்சிறு திசுவை வளர்த்து, கடுகளவுகூட இல்லாத உருண்டைக் குடல்களை உருவாக்க முடிகிறது. அவற்றின்மேல் காலரா நச்சு பட்டால் அவை உள்ளே நீர் கோத்து வீங்குகின்றன. டே முயலின் கண்ணியில் கண்டதையே இங்கும் காண்கிறார்கள், அறுவை இல்லாமல், சம்மதத்தோடு. ஆனாலும் கணக்கு தீர்ந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. அந்த உருண்டைகள் ஊன்றி வளரும் கூழைப் பெரும்பாலும் எலியின் கட்டியிலிருந்து தயாரிக்கிறார்கள். தட்டுகளில் வளரும் சினைப்பைச் செல்கள் 1957இல் ஒரு வெள்ளெலியிடமிருந்து எடுக்கப்பட்டவற்றின் வழிவந்தவை. பல செல்வகைகளுக்கு ஊட்டும் சீரம், சினைப்பசு அறுக்கப்படும்போது அதன் வயிற்றுக் கன்றின் ரத்தத்திலிருந்து வருவது. விலங்கே இல்லாத முறை என்று ஆய்வறிக்கைகளில் எழுதப்படும் பலவற்றில் விலங்கு கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். விலங்குப்பொருள் கலவாத சீரமும் கூழும் இப்போது கிடைக்கத் தொடங்கியுள்ளன. விலை அதிகம், எல்லாச் செல்களும் அவற்றில் நன்றாக வளர்வதும் இல்லை. அந்த விலையைக் கொடுக்க ஆய்வுக்கு நிதி தருபவர்கள் முன்வர வேண்டும், ஒப்புதல் கேட்கும் படிவத்தில் முயல்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் சீரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் இடம்பெற வேண்டும்.